ஹோல்டர் கெட்டியாகப் பிடிக்கிறது, கேமரா ஏன் ஆடுகிறது? பைக்கில் போன் மாட்டுவது பற்றி ஓர் எளிய விளக்கம்

பைக்குக்கு போன் ஹோல்டர் வாங்கப் போகும் எல்லோரும் கடையில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "பள்ளத்துல இறங்குனா கீழ விழாதே?" கடைக்காரர் ஹோல்டரைத் தலைகீழாகப் பிடித்து உதறிக் காட்டுவார். விழாது. முந்நூறு ரூபாய் கொடுத்து மாட்டிக்கொண்டு வருகிறோம். ஆறு மாதம் கழித்து ஒரு கல்யாணத்தில் படம் எடுக்கப் போனால் திரையில் எல்லோரும் நடுங்குகிறார்கள். போன் ஒருமுறைகூடக் கீழே விழுந்திருக்காது.

உடனே ஆளுக்கொரு காரணம் வரும். வேலூர் வெயில் என்பார் ஒருவர், மழைத்தண்ணீர் உள்ளே போயிருக்கும் என்பார் இன்னொருவர். காட்பாடி ரோட்டுப் பள்ளத்தின் மேல் பழி போடுவது எல்லோருக்கும் வசதி. வெயிலும் மழையும் போனுக்குக் கேடு செய்யும்தான், அதைப் பிறகு பார்ப்போம். ஆனால் கேமரா நடுங்குவதற்குப் பெரும்பாலும் காரணம் அவை அல்ல. ரோடே இல்லாத இடத்தில், வண்டியை ஸ்டாண்டில் போட்டு எஞ்சினை மட்டும் ஓடவிட்டாலும் நடக்கக்கூடிய சேதம் அது.

பள்ளத்தில் விழும் அடியும் எஞ்சின் தரும் அதிர்வும்

புதிய பேருந்து நிலையத்தில் புறப்படக் காத்திருக்கும் திருவண்ணாமலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவர்களுக்கு இது தெரியும். எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது உங்கள் பக்கத்து ஜன்னல் கண்ணாடி மட்டும் கடகடவென்று அடித்துக்கொள்ளும். முன்சீட்டுக் கண்ணாடி சும்மா இருக்கும். டிரைவர் ஆக்சிலேட்டரை மிதித்ததும் உங்கள் கண்ணாடி அடங்கிவிடும், அதற்குப் பதில் மேலே இருக்கும் கைப்பிடிக் கம்பி ஆட ஆரம்பிக்கும். யாராவது டிக்கெட்டை மடித்து ஜன்னல் இடுக்கில் செருகினால் சத்தம் நிற்கும்.

நமக்கு வேண்டிய அறிவியல் மொத்தமும் இந்த ஜன்னலில் இருக்கிறது. எஞ்சின் ஒரு நொடியில் எத்தனை முறை உலுக்குகிறதோ, அதற்கு அதிர்வெண் என்று பெயர். அளப்பது ஹெர்ட்ஸில், நொடிக்கு ஒருமுறை என்றால் 1 ஹெர்ட்ஸ். கண்ணாடி, கம்பி, ஹோல்டர், போன் என்று ஒவ்வொரு பொருளுக்கும் தட்டிவிட்டால் தானாக ஆடும் ஒரு சொந்த அதிர்வெண் உண்டு. எஞ்சின் உலுக்கும் வேகமும் பொருளின் சொந்த வேகமும் ஒன்றாகும்போது சிறு உலுக்கல்கூடப் பெரிய ஆட்டமாகிவிடும். இதுதான் ஒத்ததிர்வு. பஸ் வேகம் எடுத்ததும் இரண்டும் விலகிப் போவதால் கண்ணாடி அடங்குகிறது. செருகிய டிக்கெட், ஆட்டத்தின் ஆற்றலை உரசலில் தின்றுவிடுகிறது. அந்த வேலைக்குத் தணிப்பு என்று பெயர்.

பள்ளத்தில் விழும் அடி இந்த வகையில் சேராது. அது பெரியது, ஆனால் எப்போதாவது வருவது, மெதுவானது. வண்டியின் ஷாக் அப்சார்பரே அதில் பெரும்பகுதியை வாங்கிக்கொள்ளும். பெரும்பாலான பைக்குகளில் எஞ்சினுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவில் அப்படி எதுவும் கிடையாது. இரண்டும் ஒரே சட்டகத்தில் போல்ட் போட்டு முறுக்கப்பட்டவை.

எண்களில் பார்த்தால்

எஞ்சின் ஒரு நிமிடத்தில் எத்தனை முறை சுற்றுகிறது என்று டாக்கோ மீட்டர் காட்டும். அந்தச் சுற்று எண்ணிக்கையை 60-ஆல் வகுத்தால் ஹெர்ட்ஸ் கிடைக்கும். ஐட்லிங்கில் 1,300 சுற்று என்றால் சுமார் 22 ஹெர்ட்ஸ், 3,000 சுற்று 50 ஹெர்ட்ஸ், 6,000 சுற்று 100 ஹெர்ட்ஸ். ஒற்றை சிலிண்டர் வண்டியில் பிஸ்டன் ஒன்றே ஒன்று மேலும் கீழும் போய் வருகிறது. அதன் எடையை ஈடுகட்ட எதிரே இன்னொரு பிஸ்டன் இல்லாததால், ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் உலுக்கல் சட்டகத்துக்குப் போகிறது.

அந்த விசை சுற்றின் வேகத்தோடு நேராகக் கூடுவதில்லை, வேகத்தின் வர்க்கமாகக் கூடுகிறது. 3,000 சுற்றில் இருப்பதைவிட 6,000 சுற்றில் விசை நான்கு மடங்கு. "புல்லட்தான் குலுக்கும், நம்ம வண்டி நூத்தம்பது சிசி, ஒண்ணும் ஆகாது" என்பது இதனால்தான் பாதி உண்மை. பழைய புல்லட்டின் குலுக்கல் கண்ணுக்குத் தெரியும், ஐட்லிங்கிலேயே கண்ணாடி ஆடும். சின்ன வண்டியை 7,000 சுற்றில் விரட்டும்போது வருவது கண்ணுக்குத் தெரியாத ரீங்காரம். கை மட்டும் அதை உணரும்: கைப்பிடியை அரைமணி நேரம் பிடித்துவிட்டு எடுத்தால் விரல் மரத்துப் போயிருக்கும். உங்கள் விரல் வாங்கிய அதே அடியைத்தான் ஹோல்டரில் இருக்கும் போனும் வாங்குகிறது.

புது வண்டிகள் பலவற்றில் பேலன்சர் தண்டு இருக்கிறது. பிஸ்டனின் உலுக்கலுக்கு எதிராகச் சுழலும் எடை வைத்த தண்டு அது. ராயல் என்ஃபீல்டு 2020-இல் மீட்டியார் 350-உடன் கொண்டுவந்த எஞ்சினில் அது உண்டு. அதற்கு முந்தைய 350-களில் கிடையாது. ஒரே பெயர், ஒரே சிசி என்றாலும் போனுக்கு இரண்டும் ஒன்றல்ல.

ஒரு கணக்கு மட்டும் போட்டுப் பாருங்கள். வேலூரிலிருந்து பைபாஸ் பிடித்து ஆம்பூர் தாண்டி ஒரு மணி நேரம், முள் 5,000-இலேயே நிற்க, ஓட்டிப் போகிறீர்கள். அந்த ஒரு மணி நேரத்தில் போன் வாங்கும் உலுக்கல் மூன்று லட்சம். ஊருக்குள் கடைக்கும் பள்ளிக்கும் ஓட்டுபவர் போன் வருடக்கணக்கில் தாங்குவதும், வாராவாரம் பெங்களூர் போய்வருபவர் போன் சீக்கிரம் கெடுவதும் இதனால்தான்.

கேமராவுக்குள் என்ன இருக்கிறது?

போனில் அசையும் பாகமே இல்லை என்று நினைப்போம். உண்டு. கொஞ்சம் விலை கூடிய போன்களில் ஓஐஎஸ் என்று ஒன்று எழுதியிருக்கும். படம் எடுக்கும்போது கை நடுங்கினால், அந்த நடுக்கத்துக்கு எதிர்த்திசையில் லென்ஸை நகர்த்திப் படத்தைத் தெளிவாக்கும் அமைப்பு. லென்ஸ் மயிரிழை போன்ற கம்பிகளில், சிறு ஸ்பிரிங்குகளில் தொங்குகிறது. பக்கத்தில் காந்தமும் கம்பிச்சுருளும் இருக்கின்றன. கை நடுக்கத்தை உணரும் கருவி சொல்வதைக் கேட்டு, சுருளில் மின்சாரம் பாய்ந்து லென்ஸைத் தள்ளுகிறது. மில்லிமீட்டரின் சிறு பகுதி அளவுக்குத்தான் அசைவு.

இந்த அமைப்பு கை நடுக்கத்துக்காகச் செய்யப்பட்டது. கை நடுங்குவது நொடிக்குப் பத்து முறை சுமாருக்கு. நொடிக்கு நூறு முறை மணிக்கணக்கில் அடிவாங்க அது செய்யப்படவில்லை. ஸ்பிரிங் தளர்கிறது, லென்ஸின் இருப்பிடத்தை அளக்கும் உணரி குழம்புகிறது. ஆப்பிள் நிறுவனமே 2021 செப்டம்பரில் இதை எழுத்தில் சொல்லிவிட்டது: சக்தி வாய்ந்த மோட்டார்சைக்கிள் எஞ்சின்களின் அதிர்வு, சட்டகம் வழியாகவும் ஹேண்டில்பார் வழியாகவும் ஐபோனுக்குப் போனால் கேமராவின் திறன் குறையலாம், எனவே நேரடியாக மாட்டாதீர்கள், மொபெட், ஸ்கூட்டர் போன்ற சிறு எஞ்சின், மின்சார வண்டிகளிலும் அதிர்வு தணிக்கும் ஹோல்டரையே பயன்படுத்துங்கள் என்று. எச்சரித்தது அந்த நிறுவனம் என்பதற்காக மற்ற போன்கள் தப்பித்தன என்று அர்த்தமில்லை. லென்ஸ் தொங்கும் எல்லாப் போனுக்கும் இது பொருந்தும்.

"கேமராவை ஆஃப் பண்ணி வச்சிருந்தா?" என்று கேட்பவர்கள் உண்டு. அப்போது லென்ஸைப் பிடித்துவைக்க மின்சாரமும் இல்லை, அது தன் பாட்டுக்கு ஆடும். செட்டிங்கில் வீடியோ ஸ்டெபிலைசேஷனை அணைத்தாலும் இதே கதைதான். போனை லேசாக ஆட்டும்போது உள்ளே கடக் கடக் என்று கேட்பதும் இந்த லென்ஸ்தான். பல போன்களில் அது இயல்பு, பயப்பட வேண்டாம்.

இதுவரை சொன்னதன் சுருக்கம்: சேதம் செய்வது பள்ளம் அல்ல, எஞ்சினின் வேகமான சிறு அதிர்வு. சேதமாவது, கேமராவுக்குள் தொங்கும் லென்ஸ். நேரம் கூடக்கூட, சுற்று கூடக்கூட சேதம் கூடும்.

இறுக்கிப் பிடிப்பதும் பிரித்து வைப்பதும்

ஹோல்டருக்கு இரண்டு வேலைகள். போன் விழாமல் பிடிப்பது ஒன்று, எஞ்சின் அதிர்வு போனுக்குப் போகாமல் பிரிப்பது மற்றொன்று. உலோகக் கொக்கிகள் போட்டு இறுக்கும் ஹோல்டர் முதல் வேலையைப் பிரமாதமாகச் செய்யும், இரண்டாவதைச் செய்யவே செய்யாது. எவ்வளவு கெட்டியோ அவ்வளவு முழுமையாக அதிர்வு மேலே ஏறும்.

பிரிப்பதற்கு நடுவில் நெகிழும் ஒரு பகுதி வேண்டும்: ரப்பர் அல்லது சிலிக்கான் புஷ். அது எப்படி வேலை செய்கிறது என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். புஷ்ஷும் அதன் மேல் உட்காரும் போனும் சேர்ந்து ஒரு சொந்த அதிர்வெண் கொண்டவை. எஞ்சின் அதிர்வெண் அதைப்போல சுமார் 1.4 மடங்கைத் தாண்டிய பிறகுதான் புஷ் அதிர்வைக் குறைக்கவே ஆரம்பிக்கும். மூன்று, நான்கு மடங்கு என்று போகும்போது மேலே ஏறுவது சிறு பங்குதான். அந்த 1.4-க்குக் கீழே அது குறைக்காது, ஒத்ததிர்வுக்குப் பக்கத்தில் வந்தால் கூட்டியே விடும்.

எனவே நல்ல ஹோல்டர் ஐட்லிங்கில் தளதளவென்று ஆடலாம். அதைப் பார்த்து "என்னடா இது, காசு கொடுத்து வாங்குனது இப்படி ஆடுது" என்று கழற்றிப் போட வேண்டாம். கியர் போட்டு 3,500-க்கு மேல் போனதும் போனின் ஓரம் தெளிவாக, கோடு போட்டது போலத் தெரிந்தால் அது தன் வேலையைச் செய்கிறது. ஐட்லிங்கில் அசையாமல் இருந்து வேகத்தில் ஓரம் மங்கித் தெரியும் ஹோல்டர்தான் கெட்ட ஹோல்டர்.

சைக்கிள் டியூப் துண்டைக் கத்தரித்து ஹேண்டிலுக்கும் கிளாம்புக்கும் நடுவில் வைப்பது நம் ஊரில் வழக்கம். வழுக்காமல் இருக்க அது நல்லதுதான். அதிர்வுக்கு உதவாது. ஒன்றரை மில்லிமீட்டர் ரப்பரை போல்ட் போட்டு நசுக்கியபின் நெகிழ அதில் ஒன்றும் மிச்சமில்லை. கடையில் "டேம்பர்" என்று விற்பதிலும் இதே தந்திரம் உண்டு. புஷ்ஷின் நடுவே போகும் போல்ட் கீழ்த்தட்டையும் மேல்தட்டையும் சேர்த்து உலோகத்தோடு உலோகமாகப் பிடித்திருந்தால், ரப்பர் வெறும் அலங்காரம். வாங்கும்போது போன் உட்காரும் தட்டை விரலால் அழுத்துங்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் எல்லாப் பக்கமும் அசைந்து, குதிக்காமல் மெதுவாகத் திரும்ப வேண்டும். வெயிலில் ரப்பர் இறுகும் என்பதால், கோடை முடிந்ததும் இதே சோதனையை ஒருமுறை செய்யுங்கள். அசையாவிட்டால் புஷ்ஷை மாற்ற வேண்டும்.

எங்கே மாட்டுவது?

ஹேண்டில்பார் ஃபோர்க்கோடு சேரும் நடுப்பகுதி நல்லது. ஓரம் போகப்போக ஆட்டம் கூடும். சைடு மிரர் கம்பியில் மாட்டுவது மோசமான இடம், மிரரே வேகத்தில் மங்கித் தெரியும் வண்டியில் அதோடு போனையும் கட்டுவது வீண். நீண்ட கழுத்து, மூன்று மூட்டு வைத்த ஹோல்டரையும் தவிர்க்கலாம். ஒவ்வொரு மூட்டும் தளரும், கழுத்துக்கும் ஒரு சொந்த ஆட்டம் உண்டு.

ஸ்கூட்டரில் ஹேண்டில் முழுக்க பிளாஸ்டிக் மூடியிருப்பதால் மிரர் கம்பியை விட்டால் வழியில்லை. அங்கே எஞ்சின் பின்சக்கரத்தோடு சேர்ந்து ரப்பர் புஷ்கள் வழியாகத் தொங்குவதால் ஹேண்டிலுக்கு வரும் அதிர்வு குறைவு. பேட்டரி ஸ்கூட்டரில் பிஸ்டனே இல்லை, இன்னும் குறைவு. மிரரைக் கழற்றும்போது ஒரு கவனம்: சில யமஹா வண்டிகளில் வலப்பக்க மிரரின் மறை தலைகீழ், வழக்கமான திசையில் பலமாகத் திருகினால் மறை போய்விடும்.

மாட்டும் முறை

முதலில் குழாயின் பருமன். ஒரு காகிதப் பட்டையை ஹேண்டிலைச் சுற்றி வைத்துக் குறித்து அளந்தால் போதும். சுற்றளவு 69 மில்லிமீட்டர் வந்தால் குழாய் 22 மில்லிமீட்டர், பெரும்பாலான வண்டிகள் இதுதான். 80 வந்தால் 25.4, 90 வந்தால் 28.6. அளவுக்குப் பெரிய கிளாம்பை வாங்கி உள்ளே துணி திணிப்பது பிறகு தொல்லை.

குழாயைத் துடைத்து எண்ணெய்ப் பிசுக்கை எடுங்கள். கிளாம்பின் இரண்டு போல்ட்டையும் கையால் சமமாக ஏற்றிய பிறகு, அலன் கீயால் மாற்றி மாற்றிக் கால் சுற்றுகளாக இறுக்குங்கள். ஒன்றை முழுதும் இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போனால் கிளாம்ப் கோணலாக உட்காரும், அலுமினிய மறை உரியும். போல்ட் கழலாமல் இருக்க நீலநிறத் திரெட் லாக்கர் ஒரு சொட்டு விடலாம், உலோக மறையில் மட்டும். பிளாஸ்டிக்கில் பட்டால் அது விரிசல் விடும். பார்த்துப் பார்த்து இறுக்கிய ஹோல்டர் இரண்டு மாதத்தில் உடைந்து கையோடு வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்து, வண்டியை நிறுத்தி வைத்தே ஹேண்டிலை இருபக்கமும் முழுதாகத் திருப்புங்கள். ஹோல்டர் பெட்ரோல் டேங்கில் இடிக்கக்கூடாது, ஆக்சிலேட்டர் கேபிளும் பிரேக் ஹோஸும் மாட்டக்கூடாது. திருப்பும்போது ஐட்லிங் தானாக ஏறினால் கேபிள் எங்கோ இழுபடுகிறது. அப்படியே ஓட்டக்கூடாது. பிறகு எஞ்சினைப் போட்டு, நியூட்ரலில் மெதுவாகச் சுற்றை ஏற்றிக்கொண்டே போனின் ஓரத்தைப் பாருங்கள். நீங்கள் வழக்கமாக ஓட்டும் சுற்றில் ஓரம் மங்கினால், கிளாம்பை இரண்டு மூன்று சென்டிமீட்டர் நகர்த்தி மீண்டும் பாருங்கள். அவ்வளவு சின்ன மாற்றத்திலேயே வித்தியாசம் தெரியும். நூறு கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்டுகளை ஒருமுறை சோதியுங்கள். நான்கு மூலையையும் பிடிக்கும் சிலிக்கான் வலை கூடவே இருந்தால், பள்ளத்துக்கு அது போதும்.

வெயிலும் மழையும்

போன் நிறுவனங்கள் பொதுவாகச் சொல்லும் பயன்பாட்டு எல்லை 35 டிகிரி. கத்திரி வெயிலில் வேலூரில் நிழலே 40-ஐத் தாண்டும். அதன் மேல் நேர் வெயில், முழு வெளிச்சத்தில் திரை, ஓயாமல் ஓடும் ஜிபிஎஸ், சார்ஜ் என நான்கு சூடும் சேர்கிறது. முதலில் திரை தானாக மங்கும், அடுத்து சார்ஜ் ஏறுவது நிற்கும், கடைசியில் எச்சரிக்கை காட்டிவிட்டு போன் ஓய்ந்துவிடும். ஓடும்போது காற்று காப்பாற்றும், கிரீன் சர்க்கிள் நெரிசலில் நிற்கும்போது கைவிட்டுவிடும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் அப்படித்தான், காற்றும் குறைவு, கியர் குறைவாக இருப்பதால் சுற்றும் அதிகம்.

கறுப்பு உறையைக் கழற்றுங்கள், திரையை அணைத்துக் குரல் வழிகாட்டலில் போங்கள். ஜிப் வைத்த மழைப் பையைக் கோடையில் மாட்டவே வேண்டாம், உள்ளே காற்றுப் போகாது. சூடான போனின் மேல் குளிர்ந்த தண்ணீர் ஊற்றுவது, ஐஸ் பெட்டியில் வைப்பது எல்லாம் உள்ளே நீர் கோக்க வைக்கும். நிழலில் நிறுத்தினால் போதும்.

மழைக்கு ஒரு வரி: போன் பெட்டியில் தண்ணீர் புகாது என்று போட்டிருக்கும் ஐபி68 என்பது அசையாத நல்ல தண்ணீரில் செய்த சோதனை, அறுபதில் போகும்போது முகத்தில் அறையும் மழைக்கு அது உத்தரவாதம் இல்லை. ஈரமான சார்ஜ் துவாரத்தில் ஒயரைச் செருகினால் முனைகள் அரிக்கும்.

சார்ஜர்

5 வோல்ட், 2 ஆம்பியர் சார்ஜர் என்றால் 10 வாட். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து அது இழுப்பது சுமார் 1 ஆம்பியர். ஓடும் வண்டிக்கு இது பெரிய சுமை அல்ல. தொல்லை, வண்டி நிற்கும்போது. பேட்டரியில் நேரடியாக இணைத்த சார்ஜர், போன் மாட்டாவிட்டாலும் கொஞ்சம் இழுத்துக்கொண்டே இருக்கும். 20 மில்லி ஆம்பியர் என்று வைத்தால் 4 ஆம்பியர்-ஹவர் (Ah) பேட்டரி எட்டு நாளில் காலி. எனவே சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் ஒயரில் இணைக்கச் சொல்லுங்கள். மெக்கானிக் மீட்டர் வைத்துக் காட்டட்டும்: சாவி போட்டால் 12, எடுத்தால் பூஜ்யம். இணைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே 3 ஆம்பியர் ஃப்யூஸ் இருக்க வேண்டும். ஹேண்டில் திரும்பும் இடத்தில் ஒயர் உரசி வெறுங்கம்பி சட்டகத்தைத் தொட்டால், எரிய வேண்டியது அந்த ஃப்யூஸ்தான், ஒயர் அல்ல.

போனை மாட்டாமலே

சரியான பதில் சிலருக்கு ஹோல்டரே வேண்டாம் என்பதுதான். போன் சட்டைப்பையில் இருக்கட்டும், ஹெல்மெட்டில் ப்ளூடூத் ஸ்பீக்கர் வழியாக "200 மீட்டரில் இடப்பக்கம்" என்று கேட்டால் போதும். உடம்பைவிட நல்ல தணிப்பான் கிடையாது. பாட்டுக்கும் இதே வழிதான், ஹார்ன் சத்தம் காதில் விழும் அளவுக்கு ஒலியைக் குறைத்துக்கொண்டால்.

வழியைக் கண்ணால் பார்த்தே தீர வேண்டும், டெலிவரி வேலை என்றால், ஓஐஎஸ் இல்லாத பழைய போன் ஒன்றை ஹோல்டருக்கென்று ஒதுக்குங்கள். விளம்பரத்தில் இஐஎஸ் என்று மட்டும் இருந்தால் அது மென்பொருள் வேலை, நடுக்கத்தைச் சரிசெய்ய லென்ஸ் நகராது. ஃபோகஸ் செய்யும் லென்ஸ் அதிலும் உண்டு என்பதால் முழுப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது, ஆனால் போனால் போகட்டும் என்று விடலாம். வரைபடத்தை முன்பே இறக்கி வைத்தால் சிம்கூடத் தேவையில்லை.

சட்டம் பற்றிக் கேட்பவர்களுக்கு: 2020 அக்டோபர் 1 முதல் அமலான மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தத்தின்படி, ஓட்டும்போது போனை வழி பார்ப்பதற்கு மட்டும், கவனம் சிதறாத வகையில் பயன்படுத்தலாம். ஹோல்டரில் இருக்கிறது என்பதற்காக வாட்ஸாப் பார்க்க அது அனுமதி தரவில்லை.

ஏற்கெனவே மாட்டி ஓட்டிக்கொண்டிருப்பவர்கள், ஒரு செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி, போனை மேசையில் அசையாமல் சாய்த்து வைத்துக் கேமராவைத் திறக்கவும். ஒரு மடங்கு (1x) லென்ஸில் எழுத்து நடுங்கி, அரை மடங்கு (0.5x) லென்ஸுக்கு மாற்றினால் நின்றுவிட்டதா? பெரும்பாலான போன்களில் அரை மடங்கு லென்ஸுக்கு ஓஐஎஸ் கிடையாது. எனவே கெட்டது பெரும்பாலும் ஓஐஎஸ்தான். அதைத் தனியாகப் பழுது பார்ப்பதில்லை, கேமரா தொகுதியையே மாற்றுவார்கள். மாற்றிய கையோடு அதே ஹோல்டரில் மீண்டும் மாட்டினால், புதுக் கேமராவும் அதே மூன்று லட்சம் உலுக்கலை ஒரு மணி நேரத்தில் வாங்கத் தொடங்கிவிடும்.